மாப்பிள்ளை உயரத்துக்கு ஒரு பைக்

1

இருந்தவர்கள்: அப்பா, அம்மா, அக்கா வீட்டுக்காரர் பாஸ்கர் மாமா, அம்மா கையில் இருந்த செல்போனுக்குள் நான்.

இல்லாதவர்கள் இரண்டு பேர். ஒருத்தி என் தங்கை தேன்மொழி. வண்டி வாங்கப் போனது அவளுக்காகத்தான். இன்னொருவர் தேன்மொழியைக் கட்டிக்கொள்ளப் போகிற மாப்பிள்ளை. அவர் யார், எந்த ஊர், கறுப்பா சிவப்பா, எதுவும் எங்களுக்கு இன்றுவரை தெரியாது. ஆனாலும் அந்த ஞாயிற்றுக்கிழமை திண்டிவனத்து ஷோரூமில் எடுத்த ஒவ்வொரு முடிவிலும் அவருக்கு ஒரு ஓட்டு இருந்தது. தேன்மொழிக்கு இல்லை.

நெதர்லாந்துக்கு நான் வந்து சேர்ந்து மூன்று வருஷம் முடிந்ததும் அதே ஞாயிற்றுக்கிழமைதான். கொண்டாடலாம் என்று ஒரு பாக்கெட் பால்கோவா வாங்கி வைத்திருந்தேன். பிரிக்கவே இல்லை. ஊரில் பைக் வாங்குகிற வேலை, இங்கே இருப்பவனுக்கும் ஒரு நாள் வேலை.

தேன்மொழி லேப் டெக்னீஷியன் டிப்ளமோ முடித்தவள். அப்பாவும் அம்மாவும் உப்பளத்தில் கூலிக்குப் போகிறவர்கள். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தின் கடைசி பெஞ்சைத் தாண்டி வெளியே வந்த முதல் ஆள் நான், அடுத்தது அவள். மரக்காணத்தில் ஒரு லேபில் அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. விடிந்ததும் வீடு வீடாகப் போய், வெறும் வயிற்றில் காத்திருப்பவர்களிடம் ரத்தம் எடுத்து, ஐஸ் பெட்டியில் வைத்து, ஏழரைக்குள் லேபில் சேர்க்க வேண்டும். உப்பளத்து வரப்புச் சாலை, கடலோரக் குப்பத்து மணல், கடைசியில் கொஞ்சம் தார் ரோடு. ஏழெட்டு கிலோமீட்டர் சுற்று, அவ்வளவுதான்.

லேப்காரர் ஒரே நிபந்தனை போட்டிருந்தார்: சொந்த வண்டி வேண்டும். ஒரு வாரம் பொம்மையார்பாளையத்தில் இருக்கும் அவருடைய இன்னொரு லேபில் பயிற்சி. அது முடிந்து வருகிற திங்கட்கிழமை வண்டியோடு வந்து நின்றால் வேலை. இல்லாவிட்டால் வரிசையில் அடுத்த பெண். வீட்டிலும் ஒரு நிபந்தனை இருந்தது. வேலை நிலைக்கவில்லை என்றால் தை மாசத்துக்குள் கல்யாணம். ஆக, வண்டி சரியாக அமைந்தால் சம்பளம், அமையாவிட்டால் தாலி என்கிற நிலைமையில் இருந்தாள் என் தங்கை.

முந்தின நாளே அவளுக்கு போன் போட்டுக் கேட்டேன்.

"எந்த மாதிரி வண்டி வேணும் தேனு?"

"எந்த வண்டியா இருந்தா இன்னாண்ணா. ரெண்டு காலும் தரையில படணும். பொட்டி வெக்க இடம் இருக்கணும், பொட்டி ஆடக்கூடாது. ரத்தம் ரொம்பக் குலுங்குச்சுன்னா வேஸ்ட்டு. திரும்பப் போய் இன்னொருவாட்டி குத்தணும். குப்பத்துல என்னைய அடிச்சே தொரத்துவாங்க."

இரண்டே விஷயம். கால் தரையில் பட வேண்டும், பெட்டி ஆடக் கூடாது. ஒரு வண்டியைத் தேர்ந்தெடுக்க இதைவிடத் தெளிவாக யாரும் சொல்ல முடியாது. அப்புறம் ஏன் அவளைக் கடைக்குக் கூட்டிப்போகவில்லை என்று கேட்பீர்கள். ஞாயிற்றுக்கிழமையும் அவளுக்குப் பயிற்சி. சாயங்காலம்தான் வருவாள். நல்ல நேரமோ பத்தரைக்கு முடிகிறது. தேன்மொழிக்காகக் காத்திருக்க நல்ல நேரத்துக்கு நேரமில்லை.

2

ஷோரூமுக்குள் போவதற்கு முன்னால் என்னைப் பற்றிக் கொஞ்சம். வண்டி விஷயத்தில் எங்கள் குடும்பத்துப் புத்தி எனக்கும் கப்பலேறி, தப்பு, விமானமேறி வந்திருந்தது என்பதைச் சொல்லாமல் மாமாவைக் கிண்டல் செய்வது நியாயமில்லை.

இந்த நாட்டில் எல்லோரும் சைக்கிளில் போகிறார்கள். எங்கள் கம்பெனி முதலாளியம்மா சைக்கிளில் வருகிறார். பல் பிடுங்குகிற டாக்டர் சைக்கிளில் போகிறார். முன்னால் மரப்பெட்டி வைத்த சைக்கிளில் இரண்டு பிள்ளைகளையும் ஒரு நாயையும் ஏற்றிக்கொண்டு ஒரு அம்மா மழையில் போனில் பேசியபடி போகிறாள். வந்த முதல் வாரமே நானும் ஒரு சைக்கிள் கடைக்குப் போனேன்.

கடைக்காரர் சைக்கிளைக் காட்டவே இல்லை. கேள்விதான் கேட்டார். தினமும் எங்கே போவாய்? எவ்வளவு தூரம்? என்ன சுமந்து போவாய்? எந்த மாதிரி உடுப்பு? ராத்திரி வெளியே நிறுத்துவாயா? எனக்குப் பொண்ணு கொடுக்கிறவர் கூட இவ்வளவு கேட்க மாட்டார். நம் ஊரில் கடைக்காரர் கேட்பது ஒரே கேள்வி, "கேஷா, லோனா?" ஆகவே நான் உஷாராகிவிட்டேன். இவர் என்னைக் கஞ்சன் என்று நினைத்து மட்டமான சரக்கைத் தள்ளப் பார்க்கிறார் என்று தோன்றியது. மூலையில் தடித்த டயரும், முன்னால் ஸ்பிரிங்கும், இருபத்தோரு கியருமாக நின்றதைக் காட்டி, "அது" என்றேன்.

"அது மலையில் ஓட்டுவது" என்றார்.

"நானும் மலைக்குப் போவேன்" என்றேன்.

"எந்த மலை?" என்று கேட்டார். கிண்டலாகக் கேட்கவில்லை, உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். எங்கள் ஊரில் இருக்கிற உயரமான இடம் உப்புக் குவியல். இந்த நாட்டில் அதுவும் கிடையாது.

அந்த மலை சைக்கிளுக்கு மட்கார்டு இல்லை. மழை நாளில் பின்சக்கரம் அடித்த சேறு, முதுகில் பாம்பு போலக் கோடு போட்டது. கேரியர் இல்லாததால் பத்து கிலோ அரிசி மூட்டையைக் கழுத்தில் சுமந்து ஓட்டினேன். ஸ்டாண்டு கிடையாது, ஆகவே எங்கே போனாலும் ஒரு சுவரைத் தேட வேண்டும். கியர் இருபத்தொன்றில் நான் உபயோகித்தது ஒன்று. குளிர்காலம் முடிவதற்குள் அதை வந்த விலைக்குத் தள்ளிவிட்டு, தெரு முனையில் ஒருவர் விற்ற பழைய பெண்கள் சைக்கிளை வாங்கினேன். நடுவில் குறுக்குக் கம்பி இல்லாதது. செயினை முழுசாக மூடிய பெட்டி, மட்கார்டு, கேரியர், நிமிர்ந்து உட்காருகிற சீட்டு. இங்கே ஆம்பிளைகளும் அதில்தான் போகிறார்கள். யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

நம் ஊர்தான் அங்கிருந்தே திரும்பிப் பார்த்தது. வீடியோ காலில் சைக்கிள் தெரியாமல் போனைச் சாய்த்துப் பிடிப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டிருந்தது. ஒரு நாள் கை தவறியது.

"இன்னாடா அது, லேடீஸ் சைக்கிளா?" என்றார் அப்பா.

"இங்க எல்லாரும் இதுலதான்பா போறாங்க."

"எல்லாரும் போட்டும். நீ எஞ்சினீயரு."

பின்னால் அம்மாவின் குரல்: "சத்தமாப் பேசாதய்யா. பக்கத்து வூட்டுல கம்பெனி காரு வருதுன்னு சொல்லி வெச்சிருக்கேன்."

3

இப்போது ஷோரூம்.

டை கட்டிய ஒரு பையன் ஓடி வந்தான். "வாங்க சார். யாருக்கு சார் வண்டி?"

"பொண்ணுக்குப்பா" என்றார் அப்பா.

அவன் ஸ்கூட்டிகள் நின்ற பக்கம் திரும்பினான். சரியான திசை. அந்தக் காலை முழுவதிலும் ஒருவர் சரியான திசையில் வைத்த காலடி அது ஒன்றுதான். மாமா அவன் தோளைப் பிடித்து நிறுத்திவிட்டார்.

"தம்பி, எங்க போற? இந்தப் பக்கம் வா."

"லேடீஸ்க்குன்னு சொன்னாரே சார்."

"பொண்ணுக்குத்தான். அது இன்னா, கடைசி வரைக்கும் எங்க வூட்டுலயே இருக்கப் போவுதா? நாளைக்கு கல்யாணம் ஆவும்ல. ஸ்கூட்டிய வாங்கி வெச்சா வர்ற மாப்பிள்ளை அதுலயா போவாரு? அப்ப சீருக்குன்னு தனியா ஒரு வண்டி வாங்கணும். இப்பவே ஆம்பள வண்டியா எடுத்துட்டா ஒரே செலவுல முடிஞ்சிது. அதுவரைக்கும் பொண்ணு ஓட்டட்டும்."

சொல்லிவிட்டு மாமா அப்பாவைப் பார்த்தார். அப்பா, "பாஸ்கரு சொல்றதும் கணக்குதான்" என்றார்.

கவனியுங்கள். மாமா கெட்டவர் இல்லை. எங்கள் பக்கத்தில் இது நடைமுறை. பெண்ணுக்குப் பீரோ வாங்கினால் மாப்பிள்ளை வீட்டு அறையை நினைத்து வாங்குவார்கள். கட்டில் வாங்கினால் மாப்பிள்ளை கால் நீட்டுவாரா என்று பார்ப்பார்கள். அவள் உட்காருவது, படுப்பது எல்லாம் ஒரு முகம் தெரியாத ஆளின் அளவில் வந்துகொண்டே இருக்கும். சக்கரம் வைத்த பொருளில் இதைச் செய்தால் கீழே விழுவோம் என்பது மட்டும்தான் வித்தியாசம்.

"மாமா, தேனுக்கு காலு எட்டாது மாமா" என்றேன் நான், அம்மாவின் கைக்குள்ளிருந்து.

"ஹலோ... மச்சான்... கட் ஆவுது மச்சான்."

"எனக்கு நல்லாத்தான கேக்குது" என்றாள் அம்மா.

"உனக்குக் கேக்கும் அத்த. எனக்குக் கேக்கல."

சும்மா சொல்லக் கூடாது, நானும் வெறுங்கையோடு வரவில்லை. ஒரு வாரமாக உட்கார்ந்து ஒரு அட்டவணை போட்டிருந்தேன். எந்த வண்டி எவ்வளவு கிலோமீட்டர் கொடுக்கும், எவ்வளவு எடை, எத்தனை வருஷம் வாரண்டி என்று கட்டம் கட்டமாக. முடிவில் மின்சார ஸ்கூட்டர்தான் என்று சிவப்பு மையில் வட்டம் போட்டு அனுப்பியிருந்தேன். இங்கே எல்லோரும் அதைத்தான் பேசுகிறார்கள், அதனால் எனக்கும் அதுதான் சரி என்று தோன்றியது.

"அதுக்கு சார்ஜ் எங்கடா போடறது?" என்றார் அப்பா. "நம்ம வூட்டுல ஃபேன் போட்டா டிவி அணையுது."

மாமாவுக்கு இப்போது எல்லாம் தெளிவாகக் கேட்டது. "மச்சான், நம்மூரு காத்துல மூணு மாசத்துல பேட்டரி ஊறுகா ஆயிடும். நீ ஆலந்துலயே இரு."

ஒரு நூற்றைம்பது சிசி பைக் முன்னால் எல்லோரும் நின்றார்கள். கறுப்பு. டேங்க் மட்டும் ஒரு கன்றுக்குட்டி அளவு இருந்தது. அம்மா அதைச் சுற்றி வந்து, "ரோஸ் கலர்ல இல்லியாப்பா?" என்று கேட்டாள். மகளை நினைத்து அந்தக் கடையில் கேட்கப்பட்ட ஒரே கேள்வி. "செவப்புக் கோடு இருக்குதுங்கம்மா" என்று பையன் ஆறுதல் சொன்னான்.

பிறகு அவன் தன் தொழிலுக்கு உரிய கேள்வியைக் கேட்டான். "சீட்டு கொஞ்சம் உயரம் சார். ஓட்டுறவங்க எவ்ளோ உசரம்?"

தேன்மொழியின் உயரத்தைத்தான் கேட்டான். ஆனால் அப்பா மாப்பிள்ளையின் உயரத்தை யோசிக்க ஆரம்பித்துவிட்டார். நெற்றியைச் சுருக்கி, கையைத் தலைக்கு மேலே கொஞ்சம் தூக்கி, இறக்கி, மறுபடியும் கொஞ்சம் தூக்கினார்.

"நம்ம பாஸ்கரு அளவுக்காச்சும் இருக்க மாட்டாரு?"

"கண்டிப்பா இருப்பாரு மாமா" என்று சொல்லி, அளவு பார்ப்பதற்காக மாமா ஏறி உட்கார்ந்தார். ரெண்டு காலும் தரையில் பட்டன. ஆக, தேன்மொழியின் முதல் நிபந்தனை நிறைவேறியது. கால்கள்தான் மாமாவுடையவை.

"அப்பா, பொட்டி எங்க வெப்பா அவ?" என்று கத்தினேன்.

"தோள்ல மாட்டிக்கட்டும்" என்றார் மாமா, சிக்னல் கிடைத்து.

பத்தரைக்குள் அட்வான்ஸ் கட்டியாகிவிட்டது. ஆர்சி அப்பா பெயரில். தேன்மொழி பெயரில் எடுத்தால் கல்யாணத்துக்கு அப்புறம் மாற்றுவதற்கு அலைய வேண்டுமாம். பெண்ணுக்கென்று அந்த வண்டியில் இருந்தது ஒன்றே ஒன்று. பின்சக்கரத்தில் சேலை சிக்காமல் இருக்க இடது பக்கம் போடுகிற கம்பி வலை. அதாவது, அவள் பின்னால் உட்காருவாள் என்று வண்டியை விற்றவர்களும் முடிவு செய்திருந்தார்கள்.

4

வெள்ளிக்கிழமை வண்டி வீட்டுக்கு வந்தது. மாலை போட்டு, மஞ்சள் குங்குமம் வைத்து, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, தேங்காய் உடைத்தார்கள். பழத்தை நசுக்கி முதல் ஓட்டம் ஓட்டுவது வீட்டு ஆம்பிளை. அப்பாவுக்கு பைக் ஓட்டத் தெரியாது, நான் இங்கே. ஆகவே மாமா. தேன்மொழி போட்டோ எடுத்தாள்.

அந்தப் போட்டோவை இங்கே செந்தில் அண்ணன் வீட்டில் காட்டினேன். அவரும் திண்டிவனத்துக்காரர்தான், நல்லது கெட்டதற்கு எனக்கு இருக்கிற ஒரே வீடு. அவருடைய ஏழு வயது மகள் எட்டிப் பார்த்தாள். அந்தப் பிள்ளை இரண்டு கையையும் விட்டுவிட்டு சைக்கிள் ஓட்டும். தமிழ் மட்டும் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தட்டுத் தடுமாறித்தான் வரும்.

"அதுக்கு பர்த்டேவா?" என்றாள், மாலையைக் காட்டி.

"இல்லம்மா, புது வண்டி. தேன்மொழி அத்தைக்கு."

அவள் படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள். அதற்கு மேல் கேட்க அவளிடம் தமிழ் இல்லை. தன் அப்பாவிடம் டச்சில் ஏதோ சொன்னாள். செந்தில் அண்ணன் சிரிக்கவில்லை, மொழிபெயர்த்தார்: "அத்தை வண்டின்னா ஏன் மீசை வெச்ச மாமா உக்காந்திருக்காருன்னு கேக்குறா."

நான் பேச்சை மாற்றினேன். பிள்ளைகள் நம் பண்பாட்டை விட்டு விலகிப் போகிறார்கள் என்று இங்கே நம் ஆட்கள் மாதம் ஒரு கூட்டம் போட்டுக் கவலைப்படுகிறோம். சில நேரம் எனக்குப் பயமாக இருக்கிறது, அவர்கள் விலகுவதை நினைத்து அல்ல. விலகி நின்றால் எல்லாம் இவ்வளவு நன்றாகத் தெரியுமோ என்று.

பூஜை முடிந்து தேன்மொழி ஏறிப் பார்த்தாள். எல்லாம் அம்மா போன் வழியாக நான் பார்த்துக்கொண்டிருந்தேன். கால்விரல் நுனிதான் தரையில் பட்டது. ஸ்டாண்டை எடுத்ததும் வண்டி இடது பக்கம் சாய்ந்தது. அப்பாவும் மாமாவும் ஆளுக்கு ஒரு பக்கம் தாங்கிப் பிடித்தார்கள். கோயில் தேரைப் பிடிப்பது மாதிரி இருந்தது. இந்த இரண்டு பேரையும் காலையில் ரத்தம் எடுக்கிற வீட்டுக்கெல்லாம் கூட்டிப் போனால்தான் உண்டு.

"மாமா, திங்கக்கிழமைக்கு இன்னும் ரெண்டு நாளுதான் இருக்குது" என்றாள்.

"பழகிடும், பழகிடும். ஆனா இப்ப நீ தொடக்கூடாது. ரன்னிங் பீரியட்."

"அப்டின்னா?"

"புது இஞ்சின். முதல்ல கொஞ்சம் கிலோமீட்டர் கை பழகுனவன் ஓட்டி விடணும். கத்துக்குட்டி ஓட்டுனா இஞ்சின் செத்துடும். நான் ஓட்டித் தர்றேன். அதுவரைக்கும் பஸ்ல போ."

"குப்பத்துக்கு எந்த பஸ் மாமா போவுது?"

மாமா அதற்குள் ஹெல்மெட் மாட்டிவிட்டார். ஹெல்மெட் போட்டால் எதுவும் கேட்காது. மாலையோடு வண்டி பிரம்மதேசம் பக்கம், அவர் வீட்டுக்குப் போனது. கேமரா கொஞ்ச நேரம் தரையைக் காட்டியது. நசுங்கின எலுமிச்சம்பழமும் தேன்மொழியின் செருப்பும் தெரிந்தன. அழுவாள் என்று நினைத்தேன். "பழம் வீணாப் போவுது, ஜூஸாவது போட்டிருக்கலாம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

5

திங்கட்கிழமை காலை என் சைக்கிளைக் காணவில்லை.

திருட்டு இல்லை. ஸ்டேஷன் வாசலில் நிறுத்தக் கூடாத இடத்தில் நிறுத்தியிருந்தேன், நகராட்சி தூக்கிப் போய்விட்டது. ஊருக்கு வெளியே ஒரு கிடங்கு. உள்ளே சைக்கிள்கள் வரிசை வரிசையாக, நம் ஊர் அறுவடைக் காலத்து உப்பைப் போலக் கண்ணுக்கு எட்டின வரைக்கும். வாசலில் ஒரு படிவம் தந்தார்கள். நிறம், பூட்டு, வகை. வகைக்கு எதிரே நாலைந்து கட்டம்: ஆண்கள், பெண்கள், சரக்கு, மடக்குவது, இன்னும் என்னவோ.

எனக்குப் பின்னால் ஆறு பேர் நின்றார்கள். அவர்களில் எவரும் மரக்காணம் இல்லை. எவருக்கும் என் அம்மாவையோ பக்கத்து வீட்டையோ தெரியாது. ஆனாலும் என் கை ஆண்கள் என்ற கட்டத்தில் போய் டிக் அடித்தது.

அதிகாரி உள்ளே போய்த் தேடிவிட்டு வந்து, அப்படி ஒரு சைக்கிள் அந்த இடத்திலிருந்து வரவில்லை என்றார். கண்ணாடி வழியாக என் சைக்கிள் எனக்குத் தெரிகிறது. அதுதான் என்று கை காட்டினேன். அவர் படிவத்தைப் பார்த்தார், சைக்கிளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். என்னிடம் இருக்கும் டச்சு மொத்தத்தையும் திரட்டி விளக்கினேன். "நான் ஒரு பெண்கள் சைக்கிள்" என்று சொல்லிவிட்டேன் என்பது பின்னால் நின்றவர் இருமியதில்தான் தெரிந்தது. அதிகாரி முகம் மாறவே இல்லை. புதுப் படிவம் எடுத்துக் கொடுத்து, மறுபடி வரிசையின் கடைசியில் நிற்கச் சொன்னார்.

அங்கே நிற்கும்போதுதான் தேன்மொழி அனுப்பிய குரல் செய்தியைக் கேட்டேன். பின்னணியில் காக்கை, யாரோ பாத்திரம் தேய்க்கிற சத்தம், மூச்சு வாங்குகிற அவள் குரல்.

"ண்ணா, நான்தான். வேலைக்குப் போயிட்டு வந்துட்டேன். எப்டின்னு கேக்க மாட்டியா? ப்ளஸ் ஒன்ல ஸ்கூல்ல குடுத்தாங்கல்ல, அந்த சைக்கிளு. பின்னாடி கோழிக் கூண்டுக்கு மேல கெடந்துச்சு. செயினு முறுக்கு மாதிரி ஒடையுது. சனிக்கிழமை யாருக்கும் சொல்லாம தள்ளிக்கினு போயி கடையில போட்டுட்டேன். டயரு, டியூபு, செயினு, பிரேக்கு, முன்னாடி பெரிய கூடை. பொட்டிய கூடைல வெச்சு பழைய டியூபால கட்டிட்டேன், அசையல. ரெண்டு காலும் தரையில படுது. குப்பத்துல மணல்ல எறங்கித் தள்ளணும், அவ்ளோதான். பைக்கா இருந்தா நான் பொதைஞ்சே போயிருப்பேன்.

"ஏழு இருபதுக்கு லேபுக்குப் போயிட்டேன்ணா. சார் வெளிய வந்து பாத்தாரு. 'வண்டி எங்கம்மா?'ன்னாரு. 'வாசல்ல நிக்குது சார்'ன்னேன். 'அது சைக்கிளும்மா'ன்னாரு. 'சாம்பிள் ஏழரைக்குள்ள வந்துதா இல்லியா சார்?'ன்னு கேட்டேன். வாட்ச்ச பாத்தாரு. அப்புறம் உள்ள போயி யோசிச்சுட்டு வந்து, 'பெட்ரோல் அலவன்ஸு கெடையாது'ன்றாரு. 'சரி சார், அதுக்கு பதிலா ரெண்டு தோசைக்குக் குடுங்க, வண்டி அதுலதான் ஓடுது'ன்னேன். சிரிச்சுட்டாருண்ணா. ஒரு மாசம் பாக்கலாம்னு சொல்லியிருக்காரு. மாமாகிட்ட நீ ஒண்ணும் சொல்லாத. அவரு ரன்னிங் பீரியட் நல்லபடியா முடியட்டும்."

நான் முன்னால் நகர வேண்டியிருந்ததை மறந்து நின்றேன். பின்னால் நின்றவர் முதுகில் லேசாகத் தட்டினார். கவுண்டருக்குப் போய், புதுப் படிவத்தில் பெண்கள் என்ற கட்டத்தில், தாள் கிழிகிற அளவுக்கு அழுத்தி டிக் அடித்தேன்.

6

ஒரு மாசம் மூன்று மாசமாகி, தேன்மொழிக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது. லேப்காரர் தோசைக்காசு என்று தனியாக ஒன்றும் தரவில்லை, ஆனால் அடுத்த குப்பத்தையும் அவளுக்கே சேர்த்துக் கொடுத்திருக்கிறார். தை மாசத்துப் பேச்சை இப்போது வீட்டில் யாரும் எடுப்பதில்லை.

மாமாவின் ரன்னிங் பீரியட் மகாபலிபுரம், திருவண்ணாமலை, மயிலம் என்று எல்லாக் கோயிலையும் பார்த்துவிட்டு ஒரு வழியாக முடிந்தது. வண்டி எங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்து வாசலில் தார்ப்பாய்க்கு அடியில் நிற்கிறது. உப்புக் காற்று சைலன்சரிலிருந்து ஆரம்பித்திருக்கிறது. பேட்டரி இறங்கிவிடக் கூடாதே என்று அப்பா தினமும் விடிகாலையில் தார்ப்பாயை விலக்கி, பட்டனை அமுக்கி ஸ்டார்ட் செய்து, ஐந்து நிமிஷம் பக்கத்தில் நின்று, அணைத்து, மூடிவிட்டு உப்பளத்துக்கு நடந்து போகிறார். எங்கள் வீட்டில் ஒரு வண்டி அன்றாடம் ஓடுகிறது என்றால் அது இப்படித்தான்.

நடுவில் பிரம்மதேசத்திலிருந்து ஒரு சம்பந்தம் வந்ததாம். மாமா ஏற்பாடு. வந்தவர்களுக்குத் தார்ப்பாயை விலக்கி வண்டியைக் காட்டியிருக்கிறார்கள். பையனுடைய அப்பா சுற்றிப் பார்த்துவிட்டு, "எங்க பையனுக்கு முதுகு வலிங்க. ஸ்கூட்டிதான் ஓட்டுவான். இத மாத்தித் தருவாங்களா?" என்று கேட்டாராம். தேன்மொழி காபி டம்ளரோடு சிரிப்பை அடக்க உள்ளே ஓடியதை வெட்கம் என்று எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். முடிவு ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பையனுக்காவது தனக்கு எது தோதான வண்டி என்று தெரிந்திருக்கிறதே, எனக்கு அவர் மேல் மரியாதைதான்.

அப்பாவுக்குத்தான் மனசு ஆறவில்லை. போன வாரம் போனில் சொன்னார்: "ஊர்ல படிக்காதவன்லாம் பைக்ல பறக்கறான். நம்ம வூட்டுல படிச்ச ரெண்டும் சைக்கிள்ல போவுது."

"நீ கவலப்படாதய்யா" என்றாள் அம்மா. "பக்கத்து வூட்டுல கேட்டாங்க. தேனுக்கு டாக்டரு எக்ஸசைஸ் பண்ணச் சொல்லியிருக்காருன்னு சொல்லிட்டேன்."

"என்னப் பத்தி?" என்றேன்.

"உனக்கும் அதே டாக்டருதான்."

பணம் அனுப்பினவன் என்ற உரிமையில், எல்லாம் சேர்த்து எவ்வளவு ஆச்சு என்று கேட்டேன். அம்மா தேன்மொழியைக் கூப்பிட்டு வைத்துக்கொண்டு சொல்லச் சொல்ல நான் கூட்டினேன். வண்டி, ரிஜிஸ்ட்ரேஷன், இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்து ஒரு லட்சத்து நாற்பத்தோராயிரத்து அறுநூறு. முன்னால் போடுகிற கம்பி, சீட்டு கவர், அந்தச் சேலை வலை நாலாயிரத்து இருநூறு. மாலை, தேங்காய், பூஜைக்கு வந்தவர்களுக்குப் பிரியாணி மூவாயிரத்து ஐந்நூறு. பழைய சைக்கிளுக்கு டயர், டியூப், செயின், பிரேக், கூடை, கூலி இரண்டாயிரத்து நானூற்று அறுபது.

ஆக மொத்தம் ஒரு லட்சத்து ஐம்பத்தோராயிரத்து எழுநூற்று அறுபது ரூபாய். அதில் என் தங்கையை வேலைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது அந்தக் கடைசி இரண்டாயிரத்து நானூற்று அறுபது.